மாத்திக்கலாம்

தலையணையில் வேர்வை வாடை அடித்தது.

உறை மாற்ற எடுத்த நெட்டை அதை மூக்கருகே கொண்டுபோய் மறுபடி முகர்ந்து பார்த்தாள். சந்தேகமே இல்லை. நாள்கணக்காகப் படுத்த படுக்கையாகக் கிடக்கிறவர்களின் தலையணையில் வருமே, அதே புளித்த வாடை. வார்டில் ஒரு வாரம் வேலை பார்த்த எவளும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவாள். ஆனால் இந்தக் கட்டிலில் கிடப்பவருக்கு வேர்க்க வழியில்லை. அவர் ரப்பரும் பிளாஸ்டிக்கும்.

நர்சிங் கல்லூரியின் கீழ்த்தளத்தில், ஜன்னலே இல்லாத அந்தப் பயிற்சி அறையில் அவர் எத்தனையோ வருஷமாகப் படுத்திருக்கிறார். உள்ளே இருக்கிற மோட்டார் நெஞ்சை ஏற்றி இறக்கும், மணிக்கட்டில் நாடி துடிக்கும், இமைகள் மூடித் திறக்கும், தொண்டைக்குள் வைத்த ஸ்பீக்கர் வழியே 'நெஞ்சு வலிக்குது சிஸ்டர்' என்று முனகவும் செய்வார். நெட்டை, வாயாடி என்று தங்களுக்குள் பட்டப்பேர் வைத்துக்கொண்ட மாணவிகள் அவருக்கு மாமா என்று பேர் வைத்திருந்தார்கள். தினம் நாலு தடவை செத்து, நாலு தடவை பிழைத்து, மறுநாள் காலை மறுபடியும் சாகத் தயாராகக் கிடக்கிற மனுஷனை வேறு எப்படிக் கூப்பிடுவது?

"வாயாடி, இங்க வந்து இதை மோந்து பாரேன்."

"ஏன், மாமா தலைக்குக் குளிக்கலையா?"

"வெளையாடாத. வேர்வை நாத்தம் அடிக்குது."

"ஜூனியர் எவளாவது இந்தக் கட்டில்ல படுத்துத் தூங்கியிருப்பா. நீ உறையை மாத்திட்டு வேலையைப் பாரு."

அப்படித்தான் இருக்கும் என்று நெட்டை தன்னைத் தேற்றிக்கொண்டாள். தேற்றிக்கொள்ளாமல் என்ன செய்வது, விடிந்தால் தேர்வு. இதயம் நின்றுபோன நோயாளியின் நெஞ்சைக் கையால் அமுக்கி உயிரைத் திருப்புகிற அந்தத் தேர்வில் அவள் ஏற்கனவே இரண்டு தடவை கோட்டை விட்டிருந்தாள். மூன்றாவது தடவையும் போனால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வீட்டில் அப்பா, மகள் நர்ஸ் ஆகிவிட்டாள் என்று முதல் வருஷமே தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டார். பக்கத்து வீட்டில் யாருக்குத் தலை சுற்றினாலும் 'எம் பொண்ணு வரட்டும், அவ பாத்துக்குவா' என்பார். அந்த மனுஷர் முகத்தில் எப்படி முழிப்பது?

அவள் ஒன்றும் மக்கு இல்லை. எழுத்துத் தேர்வில் எப்போதும் முதல் வரிசை. தகராறு இரண்டே விஷயத்தில்தான். பொம்மையைத் தொட்டால் அவளுக்குப் பொம்மை என்றுதான் தோன்றியது, கை அரை மனசோடு அமுங்கியது. அடுத்தது, அவளுக்குச் சபையில் வாய் வராது. நெஞ்சை அமுக்குகிறவள் இரண்டே நிமிஷத்தில் களைத்துப்போவாள். களைத்த கை ஆழமாக இறங்காது. அதனால் அடுத்தவளிடம் வேலையைக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்கிறவள் 'மாத்திக்கலாம்' என்று உரக்கச் சொல்ல வேண்டும். வாங்குகிறவள் 'சரி' என்று சொல்லிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். நெட்டை இரண்டு தடவையும் கண்ஜாடை காட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டாள்.

"ஜாடை காட்டற வேலையெல்லாம் இங்க வேணாம்" என்றார் தேர்வு நடத்தும் மேடம். "வாயால சொல்லணும். சொன்னாதான் மாறும். சொல்லலைன்னா மாறலை."

அன்றிலிருந்து அவள் ஹாஸ்டலில் தலையணையை அமுக்கி அமுக்கி அந்த வார்த்தையைச் சொல்லிப் பழகினாள். குளிக்கும்போது சொன்னாள். படியேறும்போது சொன்னாள். இப்போது தூக்கத்திலும் வருகிறதாம். "ராத்திரி பூரா மாத்திக்கலாம் மாத்திக்கலாம்னு உயிரை வாங்கற. உன்கூட மாத்திக்கிட்டு நான் என்னடி பண்ணப்போறேன்" என்று வாயாடி அலுத்துக்கொண்டாள். அவள் அறைத்தோழி. மூன்று வருஷமாக ஒரே சோப்பு, ஒரே சீப்பு, ஒரே குடை. லீவு விட்டதும் எல்லாரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பறந்துவிட, நெட்டை தேறவேண்டுமே என்பதற்காக இவள் ஒருத்தி தங்கிவிட்டாள்.

மேடத்திடம் கெஞ்சிச் சாவி வாங்கியதும் அவள்தான்.

அந்த அறையில் எதுவுமே நிஜமில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். சுவரிலிருக்கிற ஆக்ஸிஜன் குழாயில் காற்று வராது. மருந்துக் குப்பிகளில் இருப்பது தண்ணீர். கட்டிலின் தலைமாட்டில் தொங்கும் போனுக்கு லைன் கிடையாது. ஆனாலும் அதை எடுத்து 'டாக்டர், உடனே வாங்க' என்று செத்த போனிடம் சொல்ல வேண்டும், அதற்கும் மார்க் உண்டு. இத்தனை பொய்யையும் மேடம் ஒரே வார்த்தையால் நிஜமாக்கிவிடுவார். 'இது வார்டுன்னு வச்சுக்கலாம். இவரு உங்க நோயாளின்னு வச்சுக்கலாம். இப்ப இவருக்கு மூச்சு நின்னுபோச்சுன்னு வச்சுக்கலாம்.' மேடம் எல்லாத்தையும் வச்சுக்கறாங்க, பாவம் மாமாவைத்தான் யாரும் வச்சுக்க மாட்டேங்கறாங்க என்று வாயாடி முதல் வருஷத்தில் அடித்த ஜோக் இன்னும் ஹாஸ்டலில் ஓடிக்கொண்டிருந்தது.

சுவரில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய கண்ணாடி. அதற்குப் பின்னால் குட்டி அறை. மேடம் அங்கே இருட்டில் உட்கார்ந்து, மைக்கும் பட்டனுமாக மாமாவை ஆட்டிவைப்பார். இந்தப் பக்கமிருந்து பார்த்தால் தன் முகம்தான் தெரியும். அந்தப் பக்கம் விளக்கு எரிந்தால் மட்டும் உள்ளே இருப்பது தெரியும்.

"நான் மேடமாயிடறேன்" என்று வாயாடி குட்டி அறைக்குள் போனாள். "தாழ்ப்பாள் போட்டுக்கறேன். இல்லைன்னா நீ பாதியில ஓடி வந்து, சரியா பண்றேனான்னு கேப்ப."

தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. அதோடு மேலே நாலு மாடியும் காலியாகக் கிடப்பது நெட்டைக்கு ஏனோ ஞாபகம் வந்தது. நடுப்பகல்தான். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். கேட்டில் வாட்ச்மேன் நாற்காலியில் சாய்ந்திருப்பார். இரண்டு பேருடைய போன்களும், பயிற்சி அறைக்குள் கொண்டுவரக் கூடாது என்பதால், படிக்கட்டுக்கு மேலே இருக்கிற அலமாரித் தட்டில் இருந்தன. இங்கே குழல்விளக்கின் ரீங்காரமும், மாமாவின் மோட்டார் மூச்சும், சுவர்களில் ஒட்டியிருந்த பஞ்சுப் பலகை எல்லாச் சத்தத்தையும் குடித்துவிட்டு நிற்கிற கனத்த அமைதியும்தான்.

ஸ்பீக்கர் கரகரத்தது. "இது வார்டுன்னு வச்சுக்கலாம்" என்றது மேடத்தின் குரலை அச்சு அசலாகப் பிடித்து. பிறகு வாயாடி தன் குரலுக்கு வந்தாள். "ஏய், கேலி இல்லை, நெஜமா சொல்றேன். நீ அவரை ரப்பரா நினைக்கற வரைக்கும் தேற மாட்ட. மாமாவை மறந்துடு. நான்னு வச்சுக்கோ. அங்க நான்தான் கிடக்கேன்னு வச்சுக்கோ. எனக்கு மூச்சு நின்னுபோச்சு. காப்பாத்துவியா மாட்டியா?"

"காப்பாத்துவேன்."

"வாயால சொல்லு. சத்தமா."

"காப்பாத்துவேன்டி."

"அப்ப ஆரம்பி."

மாமாவின் மோட்டார் நின்றது. கட்டிலருகில் இதயத்துடிப்பு காட்டும் திரையில் பச்சைக்கோடு படுத்தது.

நெட்டை ஸ்டூலில் ஏறி முழங்கையை நீட்டி, உள்ளங்கையின் அடியை நெஞ்சு நடுவில் வைத்து, வாயாடியின் முகத்தை வலுக்கட்டாயமாக மனசுக்குள் கொண்டுவந்து அமுக்கினாள். ஒண்ணு, ரெண்டு, மூணு. ஸ்பீக்கரில் வாயாடியும் கூடவே எண்ணினாள். இன்றைக்குக் கை சொன்ன பேச்சைக் கேட்டது. வழக்கமாக ஒவ்வொரு அமுக்கலுக்கும் உள்ளே ஸ்பிரிங் 'டக்' என்று சொல்லும். இன்றைக்கு அந்தச் சத்தம் இல்லை. உள்ளே ஏதோ மெத்தென்று இறங்கி, மெத்தென்று ஏறியது. சட்டைத் துணி லேசாகச் சூடாக இருந்தது. தன் கைச்சூடுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

"இருபத்தி மூணு" என்றாள் வாயாடி. "இருபத்தி..."

அதற்குமேல் வரவில்லை.

"இருபத்தி நாலு" என்று நெட்டையே சொல்லிக்கொண்டாள். முப்பது வந்ததும் முகமூடியை மாமாவின் வாயில் அழுத்தி, காற்றுப் பையை இரண்டு தடவை பிசைந்தாள். மறுபடி நெஞ்சு. கண்ணாடியைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் மார்க் போகும். "என்னடி, எண்ணறதை நிறுத்திட்ட?" என்று குனிந்தபடியே கேட்டாள்.

தூங்கிவிட்டாளா, இல்லை வேண்டுமென்றே பயமுறுத்துகிறாளா? இரண்டும் செய்யக்கூடியவள்தான்.

அப்போதுதான் கைக்குக் கீழே ஏதோ முறிந்தது. பிளாஸ்டிக் உடைகிற சத்தமில்லை. ஈரச் சத்தம். நிஜ நோயாளிக்கு விலா எலும்பு முறியும், பயந்து நிறுத்திடாதீங்க என்று மேடம் சொல்லியிருக்கிறார். மாமாவுக்கு விலா எலும்பே கிடையாது.

அவள் கையை எடுத்துவிட்டாள்.

கண்ணாடிக்குப் பின்னால் விளக்கு எரிந்தது.

வாயாடி நாற்காலியில் இருந்தாள். தலை ஒரு பக்கம் தொங்கியது. வாய் திறந்திருந்தது. உதடு, வெள்ளைச் சட்டையின் காலர் பட்டையில் இருக்கிற கோட்டின் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது. நீலம்.

நெட்டை ஸ்டூலிலிருந்து குதித்தாள். கதவை இழுத்தாள், குத்தினாள், தோளால் மோதினாள். "ஏய். ஏய், எழுந்திரு. வெளையாடாதடி." தாழ்ப்பாள் அசையவில்லை. ஸ்டூலைத் தூக்கிக் கண்ணாடியில் அடித்தாள். ஸ்டூலின் கால்தான் வளைந்தது. அந்தப் பக்கம் வாயாடியின் நீலம் கன்னத்துக்கு ஏறியிருந்தது. நெஞ்சு அசையவில்லை. நெட்டை என்ன செய்கிறோம் என்று தெரியாமல் கட்டிலுக்கு ஓடி, வெறும் பழக்கதோஷத்தில் மாமாவின் நெஞ்சில் கையை வைத்து அமுக்கினாள்.

கண்ணாடிக்குப் பின்னால் வாயாடியின் உடம்பு தூக்கிப்போட்டது.

இன்னொரு தடவை அமுக்கினாள். இன்னொரு தடவை தூக்கிப்போட்டது. காற்றுப் பையைப் பிசைந்தாள். வாயாடியின் சட்டைப் பொத்தான்கள் மேலே ஏறி இறங்கின. நிறுத்திப் பார்த்தாள். எல்லாம் நின்றது. நீலம் ஏறியது. ஐயோ என்று மறுபடி ஆரம்பித்தாள். கொஞ்சம் கொஞ்சமாக, அந்தப் பக்கத்து உதட்டில் சிவப்பு திரும்பியது.

மாமாவை நான்னு வச்சுக்கோ.

அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததால் ஒரு பிரயோஜனமும் இல்லை. இனிமேல் கையை எடுக்க முடியாது, அவ்வளவுதான் விஷயம். கத்தினாள். பஞ்சுச் சுவர் அதையும் குடித்தது. நாளைக் காலை மேடம் வருகிற வரை இந்தப் படியில் ஒரு காலடி விழாது. ஒரு ஆள் எவ்வளவு நேரம் அமுக்க முடியும்? இரண்டு நிமிஷம் என்று புத்தகம் சொல்கிறது. அப்புறம் அடுத்த ஆள். எங்கே அடுத்த ஆள்?

தலைமாட்டில் போன் தொங்கியது. லைன் இல்லாத போன் என்று தெரியும். தெரிந்தும், காற்றுப் பை பிசைகிற இடைவெளியில் அதைப் பிடுங்கி, தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு அமுக்கினாள். "டாக்டர், உடனே வாங்க. யாராவது வாங்க. கால்ல விழறேன். என் பிரெண்டு சாகக் கிடக்கா."

போனில் யாரோ மூச்சு விட்டார்கள்.

"வந்துட்டேன்னு வச்சுக்கோ" என்றது ஒரு ஆண்குரல்.

போன் தோளிலிருந்து நழுவி ஒயரில் ஆடியது. அவள் அழுதுகொண்டே எண்ணினாள். முழங்கை நடுங்கியது. தோள்பட்டையில் தீ வைத்த மாதிரி எரிந்தது. வேர்வை மூக்கு நுனியிலிருந்து மாமாவின் நெற்றியில் சொட்டியது. துடைக்கலாம் என்று பார்த்தால் அந்த நெற்றி முழுக்கவே முத்து முத்தாக வேர்த்திருந்தது. சொட்டியதைவிட அதிகமாக. தலையணையில் அடித்த அதே வாடை.

மாமா கண்ணைத் திறந்தார்.

மோட்டார் திறப்பது போலில்லை. ஒரு கண் முதலில். அப்புறம் மற்றது. இரண்டும் அவள் முகத்துக்கு வந்து நின்றன.

"களைச்சுட்டியா சிஸ்டர்?"

குரலில் பரிவு இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

"இல்லை" என்றாள். இல்லை, இல்லை. பதினாறு, பதினேழு. கை ஆழமாக இறங்கவில்லை. அவளுக்கே தெரிந்தது. கண்ணாடிப் பக்கம் பார்த்தாள். சிவப்பு மங்கிக்கொண்டிருந்தது. அப்பா முகம் வந்தது. எம் பொண்ணு வரட்டும், அவ பாத்துக்குவா. காப்பாத்துவேன்டி என்று சொன்னாளே. சத்தமாகச் சொன்னாளே.

"வாயால சொல்லணும்" என்றார் மாமா. "சொன்னாதான் மாறும்."

பல்லைக் கடித்துக்கொண்டாள். இருபது. இருபத்தி ஒண்ணு. இடது கை மரத்துப்போனது. முழங்கை மடங்கியது. மடங்கிய கணத்தில், தலையணை மேலும் குளியலறையிலும் தூக்கத்திலும் சொல்லிப் பழகிய வாய், அவளைக் கேட்காமலே திறந்தது.

"மாத்திக்கலாம்."

"சரி" என்றார் மாமா.

கூரை தெரிந்தது.

வெள்ளைப் பலகைகள். ஒன்றின் மூலையில் ஈரக்கறை. அவள் அதற்குமுன் அதைப் பார்த்ததில்லை. அப்படி மல்லாந்து பார்க்க நேர்ந்ததில்லை. எழுந்திருக்கப் பார்த்தாள். எழ எதுவும் இல்லை. கை எங்கே என்று தேடினாள். கிடைக்கவில்லை. இமை மூடியது, திறந்தது. அவள் மூடவில்லை.

பக்கத்தில் ஓர் உருவம் நின்றிருந்தது. உயரமாக. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. இடது கட்டைவிரலில் இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பு. அவளுடைய தழும்பு.

தாழ்ப்பாள் திறக்கும் சத்தம். "கண் அசந்துட்டேன்டி" என்றாள் வாயாடி. உயிரோடு. கொட்டாவி விட்டுக்கொண்டு. "நெஞ்செல்லாம் அடிச்சுப்போட்ட மாதிரி வலிக்குது. எப்படிப் பண்ணினே?"

"நல்லா பண்ணினேன்" என்றது நெட்டையின் குரல்.

"உன் கை ஏன்டி இப்படி ஜில்லுனு இருக்கு? வா, வெயில்ல நிக்கலாம்."

வாயாடி, வாயாடி, வாயாடி. தொண்டையில் ஒரு சத்தமும் இல்லை. பிளக்கைப் பிடுங்கினார்கள். விளக்கை அணைத்தார்கள். இருட்டில் அவள் காத்திருந்தாள்.

காலையில், தேர்வுக்கு உதவ லீவிலிருந்து வந்த ஜூனியர் ஒருத்தி உறை மாற்றும்போது தலையணையை முகர்ந்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். பிறகு செருப்புச் சத்தங்கள். மேடத்தின் குரல் ஸ்பீக்கரில். "இவரு உங்க நோயாளின்னு வச்சுக்கலாம்." யாரோ பட்டனை அமுக்க, அவள் தொண்டை 'நெஞ்சு வலிக்குது சிஸ்டர்' என்றது.

தன் முகமே தன்மேல் குனிவதைப் பார்த்தாள். தன் கையே தன் நெஞ்சில் இறங்கியது. ஆழமாக. ஏற்கனவே முறிந்த இடத்தில். மறுபடி. மறுபடி. கத்த முடிந்திருந்தால் கல்லூரியே இடிந்திருக்கும்.

"பிரமாதம்" என்றார் மேடம். "இப்பதான் நெஜ ஆள்னு நினைச்சுப் பண்றே."

இரண்டு நிமிஷம் முடிந்தது. அந்த முகம் வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் நின்றவளின் தோளைத் தட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டது.

"வாயால சொல்லணும்னு எத்தனை தடவை சொல்றது? மார்க் போச்சு."

"பரவாயில்லை மேடம்" என்றது.

வாயாடி குனிந்தாள். அதே சோப்பு வாசனை. "மாமா, இன்னிக்கு ஏன் முகம் அழுமூஞ்சியா இருக்கு?" என்று மேடத்துக்குக் கேட்காமல் முணுமுணுத்துவிட்டு, கையை வைத்து அமுக்க ஆரம்பித்தாள். ஒண்ணு, ரெண்டு, மூணு. நன்றாகப் பண்ணினாள். அவள் எப்போதும் நன்றாகப் பண்ணுகிறவள். வாயால் சொல்ல யாரும் அவளுக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை.

சொல்லாதடி. ஜாடை காட்டு. இந்த ஒரு தடவை ஜாடை காட்டிவிட்டுப் போய்விடு.

வாயாடிக்கு மூச்சு வாங்கியது. நெற்றியில் முடி ஒட்டியது. முழங்கை லேசாக நடுங்கத் தொடங்கியது. அவள் நிமிர்ந்து, அடுத்தவளைத் தேடி, வாயைத் திறந்தாள்.

கட்டிலில் கிடந்தவளின் தொண்டைக்குள், யாரும் பட்டனை அமுக்காமலே, ஒரு 'சரி' ஏறி வந்து நின்றது.